பூசும் முன் பார்க்க வேண்டும்

ராஜபாளையத்தில் நாய்க்குட்டி பார்க்க வருகிறவர்கள் முதலில் தோலைத்தான் பார்ப்பார்கள். குட்டியைக் கையில் ஏந்தி, வயிற்றைத் திருப்பி, முடிக்கு அடியில் தெரியும் இளஞ்சிவப்பில் கறுப்போ பழுப்போ கலந்திருக்கிறதா என்று விரலால் விலக்கித் தேடுவார்கள். மூக்கு சிவந்திருக்க வேண்டும். உடம்பு பால்வெள்ளையாக இருக்க வேண்டும். பிறகு குட்டி பார்க்காத நேரத்தில் அதன் பின்னாலிருந்து ஒரு கைதட்டல். இந்த வெள்ளை நிறத்தோடு சில குட்டிகளுக்குச் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வரும் என்பதால் அந்தச் சோதனை. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, முதோல், ராம்பூர் வேட்டைநாய்களோடும் இமயமலை ஆட்டுநாயோடும் எங்கள் ஊர் நாயும் அதில் இடம்பெற்றது.

தோலின் நிறத்துக்காகவே கொண்டாடப்படும் ஒரு நாய்க்குத் தோலில் நோய் வந்தால் என்ன ஆகும் என்பதை நான் சிறு வயதிலேயே பார்த்துவிட்டேன். நேற்று வரை வாசலில் நின்று ரசித்தவர்கள் தெருவின் எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போனார்கள். அதற்குப் பிறகு வேறு ஊர்களில், வேறு நாய்களோடு வாழ்ந்தேன். முடி கொட்டிய உடம்புகளைப் பலமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எனக்குப் புரிந்தது இதுதான்: அருவருப்பு நம் கண்ணை வேறு பக்கம் திருப்பிவிடுகிறது, இந்த நோய்களுக்கோ உற்றுப் பார்க்கும் கண்தான் முதல் வைத்தியம்.

முல்லை எங்கள் வீட்டுக்கு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அப்பா நூல் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருந்த ஒருவர் கொடுத்த பெட்டைக் குட்டி அது. பல் முளைத்து, செருப்புகளைக் கடித்துக் குதறிக்கொண்டிருந்த பருவத்தில் இடது கண்ணைச் சுற்றி முடி மெலிந்தது. சொறியவே இல்லை. தின்பதும் ஓடுவதும் வழக்கம்போல் நடந்தன. அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து வாயோரம், பிறகு முன்னங்கால்களில் காசளவு வெறும் தோல். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நாட்களில் அந்த வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. தோல் தடித்துச் சிவந்தது, சீழ்க் கொப்புளங்கள் கிளம்பின, பாதங்கள் வீங்கின. வீட்டுக்குள் நுழைந்தாலே ஒரு வாடை.

நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் தெருவில் எல்லோரும் வைத்தியர்கள். வேப்பெண்ணெயும் மஞ்சளும் என்றார் ஒருவர். குப்பைமேனியை அரைத்துப் பூசச் சொன்னார் இன்னொருவர். கந்தகத்தைத் தேங்காயெண்ணெயில் குழைக்கச் சொன்னார்கள். மண்ணெண்ணெய் என்றார்கள். அப்பாவின் நண்பர் ஒருவர் லாரி ஷெட்டிலிருந்து வடித்த எஞ்சின் ஆயிலை ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டார். "ரெண்டு தடவை பூசுனா போதும், சொறி ஓடியே போயிரும்" என்று அடித்துச் சொன்னார்.

அம்மா அந்த டப்பாவைத் தொடவிடவில்லை. "அது நக்குற ஜீவன் அண்ணே. மேல பூசுறதெல்லாம் வயித்துக்குள்ளதான் போகும்" என்றாள். அம்மா எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் நாய்த்தோல் மருத்துவத்தின் ஆதார விதி ஒன்றை அன்று அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். ஓடித் தேய்ந்த எஞ்சின் ஆயிலில் உலோகத் துகள்களும் பெட்ரோலிய நச்சுகளும் கலந்திருக்கும். புண்பட்ட தோல் அவற்றை உள்ளே உறிஞ்சும், மிச்சத்தை நாய் நக்கி விழுங்கும். மண்ணெண்ணெயும் ஃபினாயிலும் தோலையே பொசுக்கிவிடும். இன்றும் தென் மாவட்டங்களில் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்துத் திரியும் நாய்களைப் பார்க்கிறேன். அதைப் பூசியவர்கள் பெரும்பாலும் கெட்டவர்கள் இல்லை, இரக்கத்தில்தான் பூசுகிறார்கள். அந்த இரக்கத்துக்குச் சரியான வழி கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

யாரோ சொல்லி, பக்கத்து ஊரில் ஒருவரிடம் முல்லைக்கு ஊசி போட்டார்கள். சில நாட்களில் சிவப்பு தணிந்தது, வீக்கம் வடிந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அடுத்த மாதத்துக்குள் முன்பிருந்ததைவிட இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. அது ஸ்டீராய்டு ஊசியாக இருந்திருக்க வேண்டும் என்று பின்னால் டாக்டர் சொன்னார். ஒவ்வாமையால் வரும் அரிப்புக்கு அது கைகண்ட மருந்து. ஆனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கித்தான் அது வேலை செய்கிறது. முல்லைக்கு வந்திருந்ததோ எதிர்ப்புச் சக்தி தளர்ந்ததால் பெருகும் நோய். நோயின் பெயர் தெரியாமல் கொடுத்த நல்ல மருந்தே எதிரிக்குக் கதவைத் திறந்துவிட்டது.

கடைசியில் அப்பா அவளைக் கோணியில் சுற்றி சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நானும் போனேன். சினை ஊசிக்கு வந்த மாடுகளுக்கும் கழிச்சல் கண்ட ஆடுகளுக்கும் நடுவே நாய் வைத்துக்கொண்டு நின்றது நாங்கள் மட்டும்தான். டாக்டர் முல்லையைப் பார்த்ததும் முகத்தைச் சுளிக்கவில்லை, மருந்துச் சீட்டையும் எடுக்கவில்லை. குனிந்து முகர்ந்து பார்த்தார். காதைத் திருப்பினார். விரல் இடுக்குகளைப் பிரித்தார். பிறகு கேள்விகள். முதலில் முடி கொட்டியதா, முதலில் சொறிந்ததா? எந்த இடத்தில் தொடங்கியது? கூடப் பிறந்த குட்டிகளுக்கு இருக்கிறதா? வீட்டில் யாருக்காவது அரிக்கிறதா? என்ன பூசினீர்கள், என்ன ஊசி போட்டீர்கள்?

அதன் பின் அவர் செய்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. வெறுந்தோலை இரண்டு விரல்களுக்கிடையே அழுத்திப் பிதுக்கி, எண்ணெய் தொட்ட மழுங்கிய பிளேடால் ரத்தம் லேசாகக் கசியும்வரை சுரண்டினார். "மேலாப்ல சுரண்டினா ஒண்ணும் கிடைக்காது பாப்பா. இது மயிர்க்கால் அடியில குடியிருக்கிறது" என்றார். சுரண்டியதைக் கண்ணாடித் தகட்டில் தடவி, ஜன்னலோரம் இருந்த மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு முக்காலியில் ஏற்றிவிட்டார்.

வட்ட வெளிச்சத்துக்குள் சுருட்டு வடிவத்தில் நீளமாக ஏதோ கிடந்தன. தலைப்பக்கத்தில் எட்டுக் குட்டைக் கால்கள். அவை மெல்ல அசைந்தன. டெமோடெக்ஸ் என்று பெயர் சொன்னார் டாக்டர். கண்ணுக்குத் தெரியாத ஒருவகை உண்ணி. பிறந்த முதல் சில நாட்களில் தாயோடு ஒட்டிக்கிடந்து பால் குடிக்கும்போதே குட்டிக்கு வந்துவிடும். நல்ல ஆரோக்கியமான நாயின் தோலிலும் சில இருக்கும். அவை எந்தத் தொந்தரவும் செய்யாமல் அங்கேயே வாழ்ந்து மடியும். உடம்பின் காவல் தளர்ந்த நாயில்தான் அவை கட்டுமீறிப் பெருகி, மயிர்க்கால்களை அடைத்து, முடியைக் கொட்டவைக்கின்றன. மயிர்க்கால் உடைந்த இடத்தில் பாக்டீரியா நுழைந்து சீழ் பிடிக்கிறது. அரிப்பும் நாற்றமும் அந்தச் சீழோடுதான் வருகின்றன.

"அப்ப பிள்ளைகளுக்கு ஒட்டாதா சார்?" என்று அப்பா கேட்டார்.

"ஒட்டாதுங்க. உங்களுக்கும் ஒட்டாது, பக்கத்து வீட்டு நாய்க்கும் ஒட்டாது. ஒதுக்கி வைக்காதீங்க, வீட்டுக்குள்ளேயே வச்சிருங்க."

அந்த ஒரு பதிலுக்காகவே அந்த மைக்ராஸ்கோப்பை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். தெருவே எங்கள் வீட்டைத் தாண்டிப் போகப் பயந்துகொண்டிருந்த நேரம் அது. எந்த ஆதாரமும் இல்லாத பயம். சுரண்டிப் பார்த்த பிறகு அந்தப் பயத்துக்கு அவசியமில்லை.

கண்ணோரத்தில் ஒன்றிரண்டு வட்டங்களோடு நிற்கும் டெமோடெக்ஸ், குட்டி வளர வளரப் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். அந்தக் கட்டத்தில் பூசிய எந்தப் பச்சிலைக்கும் நல்ல பெயர் கிடைத்துவிடுவது அதனால்தான். முல்லைக்கு அது உடம்பு முழுக்கப் பரவிவிட்டது. அன்றைக்கு அதற்கு இருந்த முக்கிய மருந்து அமிட்ராஸ். மீதி முடியை ஒட்ட வெட்டி, மருந்து சோப்பால் குளிப்பாட்டிப் பொருக்குகளை ஊறவைத்து எடுத்து, அமிட்ராஸ் கலந்த தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றித் தேய்க்க வேண்டும். கழுவக் கூடாது, துடைக்கக் கூடாது, காற்றிலேயே காய விட வேண்டும். அம்மா கையுறை போட்டுக்கொண்டு கொல்லைப்புறத்தில்தான் அதைச் செய்வாள், அந்த மருந்தின் ஆவி மனிதருக்கும் ஆகாது என்பதால். பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். அதை நனைத்து விரலிடுக்குகளில் ஒற்றி எடுப்பாள். மருந்து ஊற்றிய அன்று முல்லை நாள் முழுக்க மயங்கித் தூங்குவாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் வயிறு ஏறி இறங்குகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

பொங்கலுக்குப் பிறகு முதுகில் வெள்ளை மயிர் அரும்பியது. பங்குனியில் அவள் மறுபடியும் ராஜபாளையம் நாயாகத் தெரிந்தாள். எங்களுக்கெல்லாம் அதோடு போதும் என்று தோன்றியது. டாக்டர் விடவில்லை. மாதாமாதம் சுரண்டிப் பார்த்தார். முடி முளைத்து மூடியிருந்த தோலிலும் உண்ணிகள் கிடந்தன. முதலில் உயிருள்ளவை, பிறகு செத்தவை, பிறகு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று வந்ததற்குப் பிறகும் ஒரு மாதம் கழித்து மறுபடி சுரண்டி, அதிலும் இல்லை என்ற பின்தான் நிறுத்தச் சொன்னார். "கண்ணுக்கு ஆறினது ஒரு கணக்கு, தோலுக்குள்ள ஆறினது ஒரு கணக்கு" என்றார். பாதியில் நிறுத்தியதால் திரும்பி வரும் நோய்களைப் பிற்காலத்தில் எத்தனையோ வீடுகளில் பார்த்தேன். எல்லா வீடுகளிலும் முதல் கணக்கோடு நின்றுவிட்டார்கள்.

முல்லை வளர்ந்து பருவத்துக்கு வந்தபோது இன்னொரு சோதனை வந்தது. பெரியப்பா தன்னிடமிருந்த ஆண் நாயோடு அவளைச் சேர்த்துக் குட்டி எடுக்க வேண்டும் என்று வந்து உட்கார்ந்தார். நோய் ஆறிய பிறகு அவளைப் போல நெடுநெடுவென்று, ஒரு புள்ளிகூட இல்லாமல் வளர்ந்த பெட்டை அந்த வட்டாரத்தில் அபூர்வம். குட்டிகளுக்கு முன்பணம் தரவே ஆட்கள் தயாராக இருந்தார்கள். டாக்டர் எச்சரித்திருந்தார்: உடம்பு முழுக்கப் பரவும் டெமோடெக்ஸுக்கு இடம்கொடுக்கும் அந்தப் பலவீனம் பரம்பரையாக இறங்கக்கூடியது, சினைப்படுவதும் குட்டி போடுவதும் தாய்க்கே நோயைத் திருப்பிக் கொண்டுவரலாம்.

"வேண்டாம்ண்ணே. இவ பட்ட பாட்ட இன்னும் எட்டு ஜீவன் பட வேண்டாம்" என்றார் அப்பா.

பெரியப்பா வெகுகாலம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அப்பா முல்லைக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துவிட்டார். அவர் வாழ்க்கையில் செய்த பெரிய காரியங்களில் ஒன்றாக அதை நான் வைத்திருக்கிறேன். நாட்டு நாய் இனங்களைக் காப்பாற்ற வேண்டும் என்ற பேச்சு இப்போது பலமாகக் கேட்கிறது. நல்ல பேச்சு. ஆனால் இனத்தைக் காப்பாற்றுவது என்றால் குட்டிகளின் எண்ணிக்கையைப் பெருக்குவது மட்டும் போதாது. எந்த நாயிடம் குட்டி எடுக்கக் கூடாது என்று சொல்லும் துணிவும் வேண்டும். சிறிய கூட்டத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப இணைசேர்க்கும்போது வெள்ளை நிறம் இறங்குகிற அதே வழியில் செவிடும் தோல் நோயும் இறங்குகின்றன.

கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தபோது பெரம்பூரில் குடியிருந்தோம். எங்கள் தெருவில் பிறந்து, மழைக்கு எங்கள் படிக்கட்டில் ஒதுங்கி, அப்படியே வீட்டு நாயானவள் சுந்தரி. அவளுக்கும் முடி கொட்டியது. தூரத்திலிருந்து பார்த்தால் முல்லைக்கு வந்ததேதான் இவளுக்கும் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் இவளுக்கு அரிப்புதான் முதலில் வந்தது. இரவெல்லாம் தூங்காமல் சொறிந்தாள். காதுமடலின் ஓரங்களிலும் முழங்கை முட்டுகளிலும் பொருக்குத் தட்டியது. பிறகுதான் முடி போனது. ஒரு வாரத்தில் என் கணவரின் முன்கைகளிலும் மகனின் வயிற்றிலும் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்தது.

வேப்பேரியில் இருக்கும், 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு அவளைக் கூட்டிப்போனேன். விடியற்காலையிலேயே அங்கே கூட்டம் சேர்ந்துவிடும். தோல் நோய்ப் பிரிவில் இருந்த டாக்டரம்மா, சுந்தரியின் காதுமடல் நுனியை இரண்டு விரல்களால் மெல்லத் தேய்த்தார். உடனே அவளுடைய பின்னங்கால் தன்னிச்சையாகச் சொறியும் பாவனையில் ஆட ஆரம்பித்தது. "சார்காப்டிஸா இருக்கணும்" என்றார். தோலைச் சுரண்டியும் பார்த்தார். தகட்டில் ஒன்றும் அகப்படவில்லை. நான் முல்லையின் கதையைச் சொல்லி, மைக்ராஸ்கோப்பில் தெரியாவிட்டால் நோய் இல்லை என்றுதானே அர்த்தம் என்று கேட்டேன்.

"அது டெமோடெக்ஸுக்கு. இது வேற பூச்சிம்மா. மேல்தோல்ல சுரங்கம் வெட்டிக்கிட்டுப் போகும். அஞ்சாறு பூச்சி இருந்தாலே உடம்பெல்லாம் அரிக்கும். சுரண்டுற இடத்துல அது இருக்கணும்னு கட்டாயம் இல்ல. காதைப் பாருங்க, உங்க வீட்டுக்காரர் கையைப் பாருங்க, அதுதான் சாட்சி."

பார்ப்பது என்றால் கருவியால் பார்ப்பது மட்டும் இல்லை என்று அன்று கற்றுக்கொண்டேன். நாயை, வீட்டை, வீட்டு மனிதர்களைச் சேர்த்துப் பார்ப்பதும் பரிசோதனைதான். இது ஒட்டும் நோய். நாயிடமிருந்து நாய்க்கு வேகமாகப் பரவும். மனிதத் தோலில் அந்தப் பூச்சி குடும்பம் நடத்த முடியாது; கொஞ்ச நாள் அரிப்பைக் கொடுத்துவிட்டு, நாய் குணமானதும் நமக்கும் அடங்கிவிடும். சுந்தரியின் படுக்கைத் துணிகளைக் கொதிநீரில் போட்டோம். தெருவில் அவளோடு படுத்துக்கிடந்த மற்ற நாய்களுக்கும் மருந்து போய்ச்சேர வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதை டீக்கடை அண்ணன்தான் பொறுப்பெடுத்துக்கொண்டார். ஒரு நாய்க்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் அடுத்த மாதம் அதுவே திரும்பவும் வாங்கிக்கொண்டு வரும்.

சுந்தரிக்குக் கொடுத்த மருந்து ஐவர்மெக்டின். ஜப்பானிய விஞ்ஞானி சத்தோஷி ஓமுரா தன் நாட்டு மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிரில் தொடங்கிய மருந்து அது. அந்த நுண்ணுயிர் சுரக்கும் பொருள் ஒட்டுண்ணிகளைக் கொல்வதை வில்லியம் கேம்பெல் குழுவினர் அமெரிக்காவில் கண்டறிந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் கால்நடைகளுக்காகச் சந்தைக்கு வந்து, பிறகு ஆப்பிரிக்காவில் ஆற்றுக் குருட்டு நோயால் பார்வையிழந்துகொண்டிருந்த லட்சக்கணக்கான மனிதர்களுக்கும் போய்ச்சேர்ந்தது. 2015இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்த செய்தியைப் படித்தபோது எனக்குச் சுந்தரியின் காதுதான் ஞாபகம் வந்தது. இத்தனை பெரிய மருந்துக்கும் ஓர் எல்லை உண்டு. கோலி இன நாய்களிலும் அவற்றின் உறவினங்களிலும் பலவற்றுக்கு ஒரு மரபணுக் குறை இருக்கிறது. சாதாரணமாக மூளைக்குள் இந்த மருந்து புகாமல் தடுக்கும் காவல் அவற்றுக்கு வேலை செய்யாது. மற்ற நாயைக் குணமாக்கும் அளவு அவற்றைக் கொன்றுவிடலாம். கடையில் கேட்டு வாங்கி நாமே கொடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

நாத்தனார் வீட்டு வெள்ளை ஸ்பிட்ஸுக்கு வாலடியிலும் பின்தொடையிலும் மட்டும் முடி போயிருந்தது. அதற்கும் சொறி என்றே முடிவு கட்டியிருந்தார்கள். ஈரப் பஞ்சை விரித்து அதன் மேல் அந்த நாயைச் சீவிக் காட்டினார் டாக்டரம்மா. விழுந்த கறுப்புத் துகள்கள் ஈரத்தில் செம்பழுப்பாகக் கரைந்தன. தெள்ளுப்பூச்சி குடித்துக் கழித்த ரத்தம். அதன் எச்சில் அந்த நாய்க்கு ஒவ்வாமை. நாயின் மேல் நாம் பார்க்கும் தெள்ளுப்பூச்சிகள் மொத்தத்தில் மிகச் சிறு பங்குதான். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவுமாக மீதியெல்லாம் பாயிலும் சோபா இடுக்கிலும் தரை விரிசலிலும் கிடக்கும். வீட்டைத் துப்புரவாக்காமல் நாயை மட்டும் எத்தனை முறை குளிப்பாட்டியும் பயனில்லை.

குளிப்பாட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். முடி கொட்டினால் நம் வீடுகளில் முதலில் கை போவது நம் சோப்புக்கு. நாயின் மேல்தோல் நம் மேல்தோலைவிட மெல்லியது, நம் தோலில் உள்ள அளவு அமிலத்தன்மையும் அதற்கு இல்லை. நமக்கென்று செய்த சோப்பும் ஷாம்பூவும் அதன் இயல்பான எண்ணெய்ப் பசையை அலசிக்கொண்டுபோய், வறட்சியையும் அரிப்பையும் கூட்டிவிடும். பருவம் மாறும்போது கற்றை கற்றையாக முடி உதிர்வது வேறு, அது எல்லா நாய்க்கும் உண்டு. எவ்வளவு உதிர்ந்தாலும் அப்போது அடியில் வெறுந்தோல் தெரியாது. தோல் தெரிய ஆரம்பித்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஜிம்மி மதுரையில் என் தம்பி வளர்த்த லாப்ரடார். ஆறேழு வயதில் அவனுக்கு இரண்டு விலாப்பக்கமும் ஒரே அளவில் முடி மெலிந்தது. வாலில் வெறுந்தோல் தெரிந்தது. கழுத்துப் பட்டை உரசும் இடம் கறுத்துத் தடித்தது. அவன் சொறிந்ததே இல்லை. சீழில்லை, பொருக்கில்லை. தீனி குறைத்தும் எடை ஏறியது. மதுரை வெயிலில் மற்ற நாய்கள் நிழல் தேடும்போது இவன் வெயிலில் போய்ப் படுப்பான். தம்பி வாசலில் வண்டியை நிறுத்தினால் பாய்ந்து வந்தவன், தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டான். "வயசாயிருச்சுக்கா" என்றான் தம்பி.

அப்போது அம்மா அவனோடுதான் இருந்தாள். ஜிம்மி பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து அவனைத் தடவிக்கொண்டே, "எனக்கு வந்ததுதான்டா இவனுக்கும் வந்திருக்கு. குளிருது, அசதி, முடி போகுது, உடம்பு வைக்குது. எனக்கு மாத்திரை குடுத்தாங்கல்ல, இவனையும் காட்டு" என்றாள். அம்மா பல வருடங்களாகத் தைராய்டு மாத்திரை சாப்பிட்டுவருகிறாள். நாய்க்கும் தைராய்டு வருமா என்று தம்பி சிரித்தான். வரும். நடு வயதில், அதிலும் லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், டாபர்மேன் போன்ற பெரிய நாய்களுக்கு வருவதுண்டு. பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்பு அணுக்களே கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியைச் சிறிது சிறிதாக அழித்துவிடுகின்றன. அந்தச் சுரப்புக் குறைந்தால் உதிர்ந்த முடிக்குப் பதில் புது முடி முளைப்பது நின்றுபோகிறது.

ரத்தத்தில் டி4 அளவு குறைந்திருந்தது. அதை மட்டும் வைத்து டாக்டர் முடிவு சொல்லவில்லை. வேறு நோய் இருந்தாலும், சில மருந்துகள் சாப்பிட்டாலும் அந்த அளவு குறைந்து காட்டும் என்பதால் டி.எஸ்.எச். அளவையும் சேர்த்துப் பார்த்தார். உறுதியானதும் லெவோதைராக்ஸின் மாத்திரை, ஆயுளுக்கும். அம்மா தன் மாத்திரையையே கொடுத்தால் போதாதா என்று கேட்டாள். எடைக்கேற்பக் கணக்கிட்டால் மனிதர்களைவிட நாய்க்குப் பல மடங்கு அதிகம் தேவை, அளவைக் கணித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் விளக்கினார். ஓரிரு வாரங்களில் ஜிம்மி வாசலுக்கு ஓடி வந்தான். முடி வருவதற்கு மாதங்கள் பிடித்தன. இடையில் பழைய முடி இன்னும் கொஞ்சம் கொட்டியது, புது முடி கீழிருந்து தள்ளுவதால். அதைச் சொல்லி வைக்காமல் இருந்திருந்தால் தம்பி மருந்தை நிறுத்தியிருப்பான்.

முல்லை, சுந்தரி, ஜிம்மி மூவருக்கும் முடிதான் போனது. ஒன்றுக்கு உடம்பின் காவல் தளர்ந்திருந்தது, ஒன்றுக்கு வெளியிலிருந்து பூச்சி வந்தது, ஒன்றுக்குக் கழுத்திலிருக்கும் சிறு சுரப்பி ஓய்ந்திருந்தது. ஜிம்மிக்குச் சொறி மருந்து ஊற்றியிருந்தால் ஒரு முடிகூட முளைத்திருக்காது. சுந்தரியை ஒட்டாத நோய் என்று விட்டிருந்தால் தெருவே சொறிந்திருக்கும். இவற்றைத் தவிரப் படர்தாமரைக் காளானும் இருக்கிறது, உணவு ஒவ்வாமையும் இருக்கிறது, ஸ்டீராய்டு அதிகமானால் தோல் மெலிந்து வயிறு தொங்கிப்போகும் நோயும் இருக்கிறது.

இப்போது சொந்தக்காரர்களும் பழைய மாணவிகளும் நாயின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி என்ன பூசலாம் என்று கேட்கிறார்கள். நான் எந்த மருந்தின் பெயரையும் சொல்வதில்லை. அந்தப் பழைய கேள்விகளைத்தான் அனுப்புகிறேன். அரிப்பு முதலா, முடி முதலா? ஒரு பக்கமா, இரு பக்கமும் ஒரே மாதிரியா? வீட்டில் யாருக்காவது அரிக்கிறதா? இதுவரை என்ன கொடுத்தீர்கள்? இவற்றுக்குப் பதில் எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள், தோலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள் என்பேன். பதில் எழுத வேண்டுமென்றால் நாயின் பக்கத்தில் உட்கார்ந்து, கையுறை போட்டுக்கொண்டாவது அதன் உடம்பை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தாக வேண்டும். நான் வேண்டுவதும் அதைத்தான்.

காலமும் மாறிவிட்டது. 2014 வாக்கில் ஃப்ளூரலானர் போன்ற புதிய வகை மருந்துகள் வந்தன. வாயில் போட்டால் நாய் மென்று தின்னும் மாத்திரைகள். உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் என்று வந்தவை, டெமோடெக்ஸையும் சார்காப்டிஸையும் சேர்த்தே அடக்குகின்றன. வலிப்பு வரும் நாய்களுக்கு எச்சரிக்கையோடுதான் கொடுக்க வேண்டும், எடைக்கேற்ற அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் என் அம்மா கொல்லையில் மாதக்கணக்கில் பட்ட பாடு இன்று பெரும்பாலும் தேவையில்லை. இந்தக் காலத்திலும் விலை கொடுத்து வாங்கிய நாயை, முடி கொட்டியது என்ற ஒரே காரணத்துக்காக நெடுஞ்சாலையோரம் இறக்கிவிட்டுப் போகிறார்கள். பைபாஸ் சாலையோர ஓட்டல்களின் பின்புறம், கழுத்தில் பட்டைத் தழும்போடு நிற்கும் அந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். குணப்படுத்தவே முடியாத நோய் என்று நம்பித்தான் பலர் அதைச் செய்கிறார்கள். குணப்படுத்த முடியும். ஒரு பிளேடு, ஒரு சொட்டு எண்ணெய், ஒரு கண்ணாடித் தகடு, பொறுமையாகப் பார்க்கும் ஒருவர், இவ்வளவும் எங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரியில் அன்றே இருந்தன. உங்கள் ஊரிலும் இருக்கும். விரட்டுவதற்கு முன், பூசுவதற்கு முன், ஒருமுறை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள்.